ஜவ்வு கிழிஞ்சிருக்கு... அதனால உடனே ஆபரேஷனா?

"கேஷ்லெஸ் இருக்கில்ல சார், அப்புறம் என்ன யோசனை? பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே!"

கடந்த ரெண்டு வருஷத்தில் இந்த வசனத்தை நான் நாலு பேரிடம் கேட்டு விட்டேன். நாலு பேருமே ஊரை விட்டு வந்து இங்கே அகமதாபாத்தில் குடித்தனம் நடத்துகிற நம்மவர்கள். நாலு பேருக்கும் ஒரே பிரச்சினை, தோள்பட்டை வலி. யாரும் கீழே விழவில்லை, அடிபடவில்லை. எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. தீபாவளிக்கு ஒட்டடை அடித்தபோது இருக்கலாம், ரயிலில் பெட்டியை மேலே ஏற்றியபோது இருக்கலாம். ஆறு மாதமாகக் கை முழுசாக மேலே போகவில்லை. ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. டாக்டரிடம் போனார்கள், எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், ரிப்போர்ட்டில் 'கிழிசல்' என்று வந்தது. அடுத்த பத்தாவது நிமிஷம் ஆபரேஷன் தேதி பற்றிய பேச்சு.

சுற்றி வளைக்காமல் என் கட்சியைச் சொல்லி விடுகிறேன். அடிபடாமல், மெதுவாக வந்து, மாதக்கணக்கில் இழுக்கிற தோள் வலிக்கு முதல் மருந்து கத்தி இல்லை. ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கப்பட்ட, நாம் ஒழுங்காகச் செய்கிற உடற்பயிற்சிதான். அதிலும் தோள் எலும்பைச் செதுக்கி 'இடம் பண்ணிக் கொடுக்கும்' ஆபரேஷன் இருக்கிறதே, அது சோதித்துப் பார்க்கப்பட்டுத் தோற்றுப் போன ஒன்று. அதை இன்னமும் முதல் யோசனையாக நம் தலையில் கட்டுவது அநியாயம்.

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து விட்டு பேங்க்கில் கடன் ஃபைல் பார்க்கிறவன். ஒரு லட்ச ரூபாய் கடன் கேட்டு வருகிறவரிடம் "இந்தத் தொழில் ஓடும்னு என்ன ஆதாரம்?" என்று கேட்பது என் தினசரி வேலை. தோளில் துளை போடலாம் என்கிறவரிடமும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவு. நீளமான பதிவு, பொறுத்துக் கொள்ளுங்கள்.

எலும்பு உரசுகிறது என்கிற கதை

தோள்பட்டைக்கு மேலே கூரை மாதிரி ஒரு எலும்பு இருக்கிறது. அதற்கு அக்ரோமியன் என்று பெயர். அதற்குக் கீழேதான் கையைத் தூக்கவும் திருப்பவும் உதவுகிற தசைநார்கள் ஓடுகின்றன. எல்லாம் சேர்ந்து ரொட்டேட்டர் கஃப். நாம் பொத்தாம் பொதுவாக 'ஜவ்வு' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

1972-ல் சார்லஸ் நீர் என்கிற அமெரிக்க எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒரு கட்டுரை எழுதினார். கையைத் தூக்கும்போது மேலே உள்ள எலும்பு கீழே உள்ள தசைநார் மேல் உரசுகிறது, அதனால்தான் வலியும் தேய்மானமும் வருகிறது, எலும்பின் அடிப்பக்கத்தைச் செதுக்கி விட்டால் உரசல் போய் விடும் என்பது அவர் கருத்து. கேட்டால் யாருக்கும் புரியும். கதவு நிலையில் இடிக்கிறது, தச்சரைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்கிறோம், அது மாதிரி. பின்னாளில் சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டு இதைச் செய்யும் வசதி வந்ததும் உலகம் முழுக்க இந்த ஆபரேஷன் எண்ணிக்கை ஏகத்துக்கும் ஏறியது.

செய்து கொண்டவர்களில் நிறைய பேருக்கு வலி குறையவும் செய்தது. அதில் பொய் இல்லை. குறைந்தது எதனால் என்பதுதான் கேள்வி. செதுக்கியதாலா? அல்லது ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த ஓய்வு, செய்த பயிற்சி, கடந்து போன மாதங்கள், 'சரி பண்ணிட்டாங்க' என்ற நம்பிக்கை, இதெல்லாம் சேர்ந்தா? நாற்பது வருஷத்துக்கும் மேலாக இதை யாரும் சரியாகப் பிரித்துப் பார்க்கவில்லை.

பொய் ஆபரேஷன் செய்து பார்த்தார்கள்

பிரித்துப் பார்க்க ஒரே வழி, சிலருக்கு நிஜ ஆபரேஷனும் சிலருக்குப் பொய் ஆபரேஷனும் செய்து, எது யாருக்கு என்று அவர்களுக்கே சொல்லாமல் விடுவது. கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறதல்லவா? எல்லாம் முன்கூட்டியே விளக்கி, சம்மதம் வாங்கிச் செய்ததுதான்.

பிரிட்டனில் 32 மருத்துவமனைகள், 51 அறுவைச் சிகிச்சை நிபுணர்கள், 313 நோயாளிகள். முடிவு 2018-ல் லான்செட் இதழில் வெளியானது. மூன்று கோஷ்டி. முதல் கோஷ்டிக்கு எலும்பைச் செதுக்கும் நிஜ ஆபரேஷன். இரண்டாவது கோஷ்டிக்குக் கேமராவை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்து விட்டு, எதையும் செதுக்காமல் தையல் போட்டு அனுப்பினார்கள். மூன்றாவது கோஷ்டிக்கு ஒன்றுமே செய்யவில்லை.

ஆறு மாதம் கழித்துத் தோளின் நிலைக்கு 48-க்கு மார்க் போட்டார்கள். மார்க் அதிகம் என்றால் தோள் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நிஜ ஆபரேஷன் 32.7. பொய் ஆபரேஷன் 34.2. ஒன்றும் செய்யாதவர்கள் 29.4. நோயாளிக்கு வித்தியாசம் தெரிய வேண்டுமானால் குறைந்தது 4.5 மார்க் இடைவெளி வேண்டும் என்று முன்பே கோடு போட்டு வைத்திருந்தார்கள். அதாவது செதுக்கியதும் செதுக்காததும் ஒன்றுதான். ஒன்றுமே செய்யாதவர்களை விடவும் நோயாளி உணரும் அளவுக்கு ஆதாயம் இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த 313 பேரும் ஏற்கெனவே உடற்பயிற்சியும் ஊசியும் முயன்று பார்த்து, வலி தீராமல் வந்தவர்கள். "பிசியோ எல்லாம் பண்ணியாச்சு, கேக்கலை, அதான் ஆபரேஷன்" என்று சொல்வார்களே, அப்படிப்பட்டவர்களிடமே செதுக்குவதால் தனி லாபம் இல்லை என்று வந்திருக்கிறது.

அதே 2018-ல் ஃபின்லாந்து ஆய்வு ஒன்று பி.எம்.ஜே. இதழில் வந்தது. 210 பேர். நிஜ ஆபரேஷன், பொய் ஆபரேஷன், உடற்பயிற்சி என்று மூன்று கோஷ்டி, இரண்டு வருஷக் கணக்கு. நிஜத்துக்கும் பொய்க்கும் இங்கேயும் பொருட்படுத்தும்படி வித்தியாசம் இல்லை. உடற்பயிற்சி கோஷ்டியோடு ஒப்பிட்டால் ஆபரேஷன் பக்கம் கொஞ்சம் கூடுதல் மார்க் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் முன்பே போட்ட கோட்டை அது தொடவில்லை. அதோடு, உடற்பயிற்சி கோஷ்டிக்குத் தமக்கு ஆபரேஷன் நடக்கவில்லை என்று தெரியும். அந்த எண்ணமே மார்க்கைக் குறைக்கும் என்று ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் அலசி 2019-ல் பி.எம்.ஜே. வெளியிட்ட வழிகாட்டுதல், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இந்த வகைத் தோள் வலிக்கு எலும்பைச் செதுக்கும் ஆபரேஷன் வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னது. அந்தக் குழுவில் அறுவைச் சிகிச்சை நிபுணர்களும் இருந்தார்கள், நோயாளிகளும் இருந்தார்கள்.

ஒரு தொழில் இரண்டு ஆடிட்டில் ஃபெயில். மூன்றாவதாக ஒரு கமிட்டி உட்கார்ந்து கடன் கொடுக்காதே என்கிறது. அதற்கப்புறமும் நான் சாங்ஷன் பண்ணினால் என் வேலை இருக்குமா, சொல்லுங்கள்?

"ஆனா ரிப்போர்ட்ல கிழிஞ்சிருக்குன்னு போட்டிருக்கே?"

எல்லோரும் மடங்குகிற இடம் இதுதான். கிழிசல் என்ற வார்த்தையைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்குகிறது. கிழிந்ததைத் தைக்காமல் விடலாமா? வேட்டி கிழிந்தாலே பதறுகிற ஆட்கள் நாம்.

1995-ல் ஒரு ஆய்வு வந்தது. தோளில் வலியோ தொந்தரவோ எதுவுமே இல்லாத 96 பேரைக் கூப்பிட்டு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூன்றில் ஒருவருக்குக் கிழிசல் இருந்தது. அறுபது வயது தாண்டியவர்களில் 54 சதவீதம் பேருக்கு இருந்தது. வலியே இல்லாதவர்களுக்கு!

தலைமுடி நரைப்பது மாதிரி, வயசானால் தசைநாரும் கொஞ்சம் இழை பிரியும். அம்பது வயதில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஏதாவது தெரியத்தான் செய்யும். தெரிந்ததுதான் வலிக்குக் காரணம் என்பது தனியாக நிரூபிக்க வேண்டிய விஷயம். ரிப்போர்ட்டைப் பார்த்து ஆபரேஷன் செய்யக் கூடாது, ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று நல்ல எலும்பு டாக்டர்களே சொல்வார்கள்.

சரி, கிழிசலும் இருக்கிறது, வலியும் இருக்கிறது. அப்போது? அமெரிக்காவில், அடிபடாமல் வந்த முழுக் கிழிசல் உள்ள 452 பேருக்கு முதலில் உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2013-ல் வந்த முடிவுப்படி, இரண்டு வருஷத்தில் ஆபரேஷனுக்குப் போனவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றவர்கள் கிழிசலோடேயே வேலையைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் வைத்து விடுகிறேன். நார்வேயில் 103 பேரைப் பத்து வருஷம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. அங்கே கிழிசலைத் தைத்துக் கொண்டவர்கள், பிசியோ மட்டும் செய்தவர்களை விடப் பத்து வருஷ முடிவில் நன்றாக இருந்தார்கள். ஆகவே, தைப்பது எப்போதும் தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. செதுக்குவது வேறு, தைப்பது வேறு. தைக்கலாமா என்பது வயது, கிழிசலின் அளவு, கையின் பலம், செய்கிற வேலை எல்லாம் பார்த்து நிதானமாக எடுக்க வேண்டிய முடிவு. அதைப் பத்து நிமிஷத்தில் பயமுறுத்தி எடுக்க வைக்கிறார்களே, என் சண்டை அதோடுதான்.

சர்க்கரை உள்ளவர்கள் இதைப் படியுங்கள்

நம் வீடுகளில் இன்னொரு தோள் வலியும் சகஜம். ஃப்ரோசன் ஷோல்டர். தோள் இறுகிப் போய், அடுத்தவர் பிடித்துத் தூக்கினாலும் கை வராது. பெண்களுக்கு ஜாக்கெட் கொக்கி போட முடியாது, பின்னல் போட முடியாது. நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் அதிகம் வரும், சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் அதிகமாக வரும்.

எங்கள் காலனியில் ஒரு மாமிக்கு இதுதான். ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தால்தான் கை வரும் என்று சொல்லி விட்டார்கள். மகன் புனேயில், மகள் துபாயில். ஆபரேஷன் முடிந்து கையைத் தொங்க விட்டுக் கொண்டு யார் வீட்டில் சமைப்பது, யார் தலை வாரி விடுவது? மாமி பயந்து போய் ஊருக்கே டிக்கெட் போட்டு விட்டார்.

இதற்கும் சோதனை நடந்திருக்கிறது. பிரிட்டனில் 503 பேர், 2020-ல் லான்செட்டில் முடிவு வந்தது. மயக்க மருந்து கொடுத்துக் கையை அசைத்து விடுவது, கேமரா விட்டு இறுகின உறையை வெட்டி விடுவது, ஸ்டீராய்டு ஊசியோடு முறையான பிசியோ என்று மூன்று வழி. மூன்றிலும் ஜனங்கள் தேறினார்கள். ஒரு வருஷ முடிவில் ஒன்று இன்னொன்றை விடத் தெளிவாக உசத்தி என்று சொல்ல முடியவில்லை. ஆனால் கடுமையான பக்க விளைவுகள் மொத்தம் பத்து. அதில் எட்டு வெட்டி விட்ட கோஷ்டியில், இரண்டு அசைத்து விட்ட கோஷ்டியில். பிசியோ கோஷ்டியில் ஒன்றுமில்லை.

இது நாள்பட ஆகும் வியாதி. ஒரு வருஷம், சில சமயம் இரண்டு மூன்று வருஷம் கூட இழுக்கும். ஆனால் பெரும்பாலோருக்கு இறுக்கம் விடும். அந்த மாமிக்கு ஊரில் பார்த்த டாக்டர் முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வரச் சொன்னார். ஒரு ஊசி போட்டார், போட்ட சில நாள் சர்க்கரை ஏறும் என்று எச்சரித்தே போட்டார். பிறகு தினமும் சுவரில் விரலால் ஏறும் பயிற்சி, துண்டை முதுகுக்குப் பின்னால் பிடித்து இழுக்கும் பயிற்சி. எட்டு மாதம் ஆயிற்று. இப்போது மேல் தட்டிலிருந்து சம்படத்தை அவரே எடுக்கிறார்.

பின்னே ஏன் ஆபரேஷன் என்கிறார்கள்?

எல்லா டாக்டரும் பணத்துக்கு அலைகிறார்கள் என்று எழுதினால் கைதட்டு கிடைக்கும். அது உண்மை இல்லை. என் கண்ணுக்கு மூன்று காரணம் தெரிகிறது.

முதல் காரணம், காப்பீடு. பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள். பெரும்பாலான மெடிக்ளெய்ம் பாலிசிகள் அட்மிஷன் ஆனால்தான் பணம் தரும். 24 மணி நேரம் படுத்திருக்க வேண்டும், அல்லது டே கேர் பட்டியலில் உள்ள ஆபரேஷனாக இருக்க வேண்டும். மூன்று மாதம் வெளி நோயாளியாகப் பிசியோ போனால், அதற்கென்று தனியாகச் சேர்த்திருந்தால் ஒழிய, சல்லிக் காசு வராது. ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் ஆபரேஷன் நமக்கு 'இலவசம்', சில ஆயிரத்தில் முடியும் பயிற்சி நம் கைக்காசு. எது இலவசமோ அது சிகிச்சை ஆகி விடுகிறது. கணக்கு படித்தவன் சொல்கிறேன், அது இலவசம் இல்லை. அடுத்த வருஷ பிரீமியத்தில் எல்லோரும் சேர்ந்து கட்டுகிறோம். உடம்பு பட்ட பாடு தனிக் கணக்கு.

இரண்டாவது காரணம், பாஷை. வெளியூரில் இருக்கிறவர்களுக்கே உரிய கஷ்டம் இது. நம் பாஷையில் வலிக்கு எத்தனை வார்த்தை! குத்துது, குடையுது, கடுக்குது, இழுக்குது, சுளீர்ங்குது, விண்விண்ணு தெறிக்குது, மதமதன்னு இருக்கு, மரத்துப் போகுது. இங்கே டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாம் சுருங்கி 'தர்த் ஹை' ஆகி விடுகிறது. ரொம்ப நாள் இருந்தவர்கள் 'கபோ துகே சே' என்று குஜராத்தியில் சொல்வார்கள். அதுவும் அதேதான், தோள் வலிக்கிறது. அதற்கு மேல் சொல்ல வார்த்தை இல்லை.

ஆனால் நோயைக் கண்டுபிடிப்பது பாதி அந்த வார்த்தைகளில்தான் இருக்கிறது. கழுத்திலிருந்து விரல் வரை சுளீரென்று இழுத்து மரத்துப் போகிறது என்றால் பிரச்சினை கழுத்து நரம்பில் இருக்கலாம். ராத்திரி குடைகிறது, கையும் சுழலவில்லை என்றால் ஃப்ரோசன் ஷோல்டராக இருக்கலாம். தூக்கும்போது ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மட்டும் பிடிக்கிறது என்றால் அது வேறு. நாம் சொல்லவில்லை, அவருக்குக் கேட்க நேரமில்லை, ஆகவே எம்.ஆர்.ஐ. நமக்காகப் பேசுகிறது. அதற்குத் தெரிந்த ஒரே வார்த்தை கிழிசல்.

மூன்றாவது காரணம், நாம். லீவு கிடையாது, டிரான்ஸ்ஃபர் எப்போது வரும் என்று தெரியாது, பிள்ளைகளுக்குப் பரீட்சை. 'ஒரே தடவையில முடிச்சுடணும்' என்ற அவசரம் நமக்கு. மூன்று மாதம் தினமும் இருபது நிமிஷம் கையை ஆட்டு என்றால் அது வைத்தியமாகவே நமக்குத் தோன்றுவதில்லை. என் அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார், "இதுக்கா டாக்டர்கிட்ட போனேன்? இதை எங்க பாட்டியே சொல்லுமே!" அவருக்கு நான் சொன்ன பதில்: ஆபரேஷன் செய்தாலும் அந்தப் பயிற்சியிலிருந்து தப்ப முடியாது. தைத்தால் நாலிலிருந்து ஆறு வாரம் கையைத் தொட்டிலில் போட வேண்டும், அதற்கப்புறம் மாதக்கணக்கில் அதே பிசியோ. பயிற்சிக்குச் சோம்பல் பட்டு ஆபரேஷனுக்குப் போகிறவர் பயிற்சியைத் தள்ளிப் போடுகிறார், அவ்வளவுதான்.

பிசியோ கடைகளுக்கும் ஒரு வார்த்தை

ஆபரேஷனைத் திட்டி விட்டதால் பிசியோ பேரில் நடப்பதெல்லாம் சரி என்று அர்த்தமில்லை. முப்பது சிட்டிங் பேக்கேஜ், முன்பணம் கட்டினால் தள்ளுபடி. போனால் இருபது நிமிஷம் கரண்ட் வைப்பார்கள், பத்து நிமிஷம் அல்ட்ராசவுண்ட் தேய்ப்பார்கள், சுடு ஒத்தடம், வீட்டுக்குப் போ. கையை ஒரு தடவை கூடத் தூக்கச் சொல்ல மாட்டார்கள். சுகமாக இருக்கும், வாஸ்தவம். ஆனால் இந்த மெஷின்கள் பயிற்சிக்கு மாற்று என்பதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது.

பயிற்சியையும் மாதக்கணக்கில் காசு கொடுத்து எதிரில் நின்று செய்ய வேண்டியதில்லை. பிரிட்டனில் 708 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2021-ல் லான்செட்டில் வந்தது. ஒரு கோஷ்டிக்கு 16 வாரத்தில் ஆறு முறை வரை பிசியோ. இன்னொரு கோஷ்டிக்கு ஒரே ஒரு முறை உட்கார வைத்து, நிதானமாக விளக்கி, வீட்டில் செய்யப் பயிற்சி சொல்லிக் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு வருஷ முடிவில் இரண்டும் ஒன்றுதான்.

நடுத்தரக் குடும்பத்துக்கு இதை விட நல்ல செய்தி என்ன வேண்டும்? கற்றுக் கொடுக்கிற ஒரு நல்ல ஆள், ஒரு ரப்பர் பட்டை, ஒரு சுவர், ஒரு துண்டு. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போய்ச் சரியாகச் செய்கிறோமா என்று காட்டினால் போதும். செய்யும்போது லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம். ராத்திரி தூங்க முடியாத அளவுக்கு ஏறினால் குறைத்துக் கொள்ள வேண்டும். பலன் தெரிய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். மூன்றாம் நாளே 'ஒண்ணும் குறையலை' என்று விட்டு விட்டால் அது பிசியோவின் குற்றம் இல்லை.

எப்போது காத்திருக்கக் கூடாது

இதைப் படித்து விட்டு யாரும் ஆபத்தான வலியோடு வீட்டில் உட்கார்ந்து விடக் கூடாது. கீழே உள்ளவற்றில் எது இருந்தாலும் உடனே டாக்டர்.

1. ஸ்கூட்டரிலிருந்து விழுந்தோ, பளு தூக்கியோ, அன்றிலிருந்து கையைத் தூக்கவே முடியவில்லை. இப்படிப் புதிதாகக் கிழிந்ததைத் தைக்க வேண்டியிருந்தால் சீக்கிரம் தைப்பது நல்லது.
2. தோள் கழன்று விட்டது, முக்கியமாக இளவயதுப் பிள்ளைகளுக்கு.
3. தோள் வலியோடு காய்ச்சல், வீக்கம், சிவப்பு. அல்லது காரணமில்லாமல் உடம்பு இளைக்கிறது. அல்லது முன்பு புற்றுநோய் வந்தவர்.
4. கை பலம் குறைந்து கொண்டே போகிறது, மரத்துப் போகிறது.
5. தோள் வலியோடு நெஞ்சில் பாரம், வியர்வை, மூச்சு வாங்குதல். இது எலும்பு டாக்டர் சமாச்சாரமே இல்லை, நேராக எமர்ஜென்சிக்கு ஓடுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

மேலே சொன்ன எதுவும் இல்லை, ஆனாலும் ஆபரேஷன் என்கிறார்கள். அப்போது இதையெல்லாம் மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள்.

"எனக்குச் செய்யப் போவது செதுக்குவதா, தைப்பதா, இறுக்கத்தை விடுவிப்பதா?" பாதிப் பேருக்கு இதுவே தெரியாமல் கையெழுத்துப் போடுகிறார்கள். "மூன்று மாதம் பயிற்சி செய்து விட்டு வந்தால் என்ன நஷ்டம்?" அடிபடாத தோளுக்கு இதற்குத் தெளிவான பதில் சொல்ல முடியவில்லை என்றால், நஷ்டம் பெரிதாக இல்லை என்றுதான் அர்த்தம். "ரிப்போர்ட்டில் இருப்பது என் வயதுக்கு சகஜமா?" "ஆபரேஷனுக்கு அப்புறம் எத்தனை வாரம் கையைப் பயன்படுத்த முடியாது?" கடைசியாக, "காப்பீடு இல்லை, நான் கைக்காசுதான் போட வேண்டும் என்றாலும் இதையே சொல்வீர்களா?"

வெளியூரில் இருப்பவர்களுக்கு இன்னொரு யோசனை. ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்பி ஊரில் உங்களுக்குத் தெரிந்த டாக்டரிடம் தமிழில் பேசுங்கள். எங்கே, எப்போது, எப்படி வலிக்கிறது என்று நம் வார்த்தையில் சொல்லுங்கள். அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது நேரில் காட்டுங்கள். ஆறு மாதமாக இருக்கிற வலி இன்னும் மூன்று வாரம் காத்திருக்கும்.

ஊரில் தனியாக இருக்கும் அம்மா அப்பாவுக்குத் தோள் வலி என்றால், பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதையும் ஒரு அங்கமாக வைத்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் விவரம் கிடைக்கும். இங்கிருந்து பணம் அனுப்பி 'நல்ல ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணிடுங்க' என்று சொல்வதுதான் பாசம் என்று நினைக்காதீர்கள். தினமும் சாயங்காலம் போன் பண்ணி "இன்னிக்கு சுவத்துல எவ்வளவு உயரம் விரல் ஏறிச்சும்மா?" என்று கேட்பது அதை விடப் பெரிய உபகாரம்.

காப்பீட்டுக் கம்பெனிகளுக்கும் ஒன்று. ஒரு லட்ச ரூபாய் ஆபரேஷனுக்குத் தலையாட்டுகிற நீங்கள், அதற்கு முன் பத்து சிட்டிங் பிசியோவுக்குப் பணம் கொடுத்துப் பாருங்கள். மனிதாபிமானத்துக்காக வேண்டாம், உங்கள் லாப நஷ்டக் கணக்குக்காகவாவது செய்யுங்கள்.

கத்தியை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். செதுக்கின எலும்பைத் திரும்ப ஒட்ட வைக்க முடியாது. முதலில் மூன்று மாதம் கொடுங்கள்.

டிஸ்கி: பயிற்சியை யூட்யூப் பார்த்துத் தொடங்காதீர்கள். முதலில் ஒரு டாக்டரிடம் காட்டி இது எந்த வகை வலி என்று தெரிந்து கொள்ளுங்கள், பிறகு படித்த பிசியோ ஒருவரிடம் நேரில் கற்றுக் கொள்ளுங்கள். ஆபரேஷன் செய்து நன்றாக இருப்பவர்கள், பயிற்சி செய்தும் குணமாகாதவர்கள், இரு தரப்பும் பின்னூட்டத்தில் வந்து சண்டை போடலாம். தங்கமணி இதைப் படித்து விட்டு, "ஊருக்கு உபதேசம் முடிஞ்சதா? அந்தப் பரண் மேல இருக்கிற பானையை எடுங்க பார்ப்போம்" என்கிறார். எடுத்து விட்டு வருகிறேன் :-)